சில்வண்டு வானொலியைச் சுருக்கிய கதை

கோணக்குறிச்சிக்காரர்களிடம் ஊருக்கு வழி கேட்டுப் பயனில்லை. "நாங்க அங்கயே இருக்கோம், எங்களுக்கு எப்படி வழி தெரியும்?" என்பார்கள். ஆகவே ஊர் எங்கே இருக்கிறது என்பதை விட்டுவிடுவோம். அங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்த ஊரில் 'சில்வண்டு' என்று ஒரு சமுதாய வானொலி உண்டு. பழைய நெல் கிடங்கில் ஓர் அறை, மாடியில் ஒரு கம்பம், அவ்வளவுதான். சத்தம் நாலு கிலோமீட்டர் வரை போகும். மழை வந்தால் மூன்று. நிலையத்தில் நாலு பேர். நாலு பேரில் விசில் வைத்திருந்தவர் வைரக்கண்ணு ஒருவர்தான் என்பதால் அவரையே பொறுப்பாளர் ஆக்கியிருந்தார்கள்.

வைரக்கண்ணு ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். தன் மூளையைப் பற்றி அவருக்குத் தவறான எண்ணம் எதுவும் கிடையாது. "இருபத்தெட்டு வருஷம் பஸ்லயே போனவன் நான். ஆனா ஒரு ஊருக்கும் போய்ச் சேர்ந்ததில்ல" என்று அவரே சொல்வார். தினமும் காலையில் 'இன்றைய சிந்தனை' என்று பத்து நிமிஷம் பேசுவார். அது தனக்கும் புரிவதில்லை என்பதை நேயர்களிடம் மறைத்ததும் இல்லை.

ஒலிப்பதிவு சம்மனசு பொறுப்பில். கிரைண்டர் மெக்கானிக். சுற்றுகிற எதையும் சரி செய்வார், சுற்றாததைச் சுற்ற வைத்துவிட்டுச் சரி செய்வார். சமையல் நிகழ்ச்சிக்குத் தேனம்மை. செய்தி வாசிக்கப் பீர்முகம்மது. பாய்க்கு வலது காது கேட்காது. இடது காது நன்றாகக் கேட்கும், ஆனால் அதில் விழுவது வேறு மாதிரி விழும்.

ஆறு வருஷத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது நிகழ்ச்சிகளைப் பதிவு செய்திருந்தார்கள். ஒருநாள் கணினித் திரையில் 'இடமில்லை' என்று வந்தது. மற்ற மூவரும் பதறினார்கள். வைரக்கண்ணுவுக்கு மட்டும் அந்த வார்த்தை பழக்கமானது. "உள்ள தள்ளிப் போகச் சொல்லு, இடம் வரும்" என்றார். சம்மனசு கணினியை மேஜையில் ஓர் அடி உள்ளே தள்ளி வைத்தார். இடம் வரவில்லை.

அதே வாரம் மாவட்ட ஒலி ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வைரக்கண்ணு அதை நின்றுகொண்டே படித்தார். அரசாங்கக் கடிதத்தை உட்கார்ந்து படித்து அவருக்குப் பழக்கமில்லை.

"தங்கள் நிலையத்தின் ஒலிக்கோப்புகள் யாவும் அழுத்தப்படாத வேவ் கோப்புகளாக இருப்பது எமது கவனத்துக்கு வந்துள்ளது. அவற்றை அளவில் சிறிய, திறந்த வடிவத்துக்கு மாற்றி, இம்மாதம் பதினைந்தாம் தேதிக்குள் காப்பகத்தில் ஒப்படைக்கவும். தவறினால் தங்கள் உரிமத்தைப் புதுப்பிக்கப் பரிந்துரைக்க இயலாது."

பீர்முகம்மது, "வேவா?" என்றார்.

"வேவுன்னுதான் போட்டிருக்கு. ஆயிரத்து நூத்தி நாப்பதும் வேவுக் கோப்பாம்."

"நாம யாரை வேவு பார்த்தோம், கண்டக்டரே?"

ஒவ்வொருவரும் தன் மனச்சாட்சியைத் தட்டிப் பார்த்தார். தேனம்மைக்குத்தான் முதலில் கண் கலங்கியது. மிளகுக் குழம்பு நிகழ்ச்சி தன் சொந்தச் சரக்கு இல்லை என்றும், பக்கத்து வீட்டு அடுப்படியை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொன்னது என்றும் ஒப்புக்கொண்டார். பீர்முகம்மது தான் வாசிக்கும் உள்ளூர்ச் செய்தி முழுக்க டீக்கடைப் பெஞ்சில் காதை நீட்டிப் பிடித்தது என்றார். சம்மனசுக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. இருந்தாலும் தனியாக நிரபராதியாக இருப்பது நன்றாக இல்லை என்று, நானும் பார்த்திருப்பேன் என்றார். அரசாங்கத்துக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று நாலு பேரும் வியந்தார்கள்.

மறுநாள் வைரக்கண்ணு காப்பகத்துக்கு ஃபோன் செய்து, இனிமேல் யாரையும் வேவு பார்க்க மாட்டோம், இந்த ஒரு தடவை மன்னித்துவிடுங்கள் என்றார். எடுத்தவர் காப்பக அலுவலர் கோமளவல்லி. பொறுமைசாலி. வேவ் என்பது ஒலியைப் பதிவு செய்கிற ஒரு வகை, அதில் சத்தம் அப்படியே கொழுகொழுவென்று இருக்கும், இடத்தை அடைக்கும், அதனால் அழுத்திச் சிறிதாக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். வைரக்கண்ணு எல்லாவற்றுக்கும் "சரிங்க மேடம்" என்றார். ஃபோனை வைத்ததும், "வேவு இல்லையாம். அழுத்தம் போதலையாம்" என்று மற்றவர்களிடம் சொன்னார்.

இதில் இரண்டு கட்சி ஆயிற்று. அழுத்தம் என்றால் கல்லை வைத்து அழுத்துவது என்பது சம்மனசு கட்சி. அழுத்தம் திருத்தமாகப் பேசுவது என்பது பீர்முகம்மது கட்சி. யார் சொல்வது சரி என்று வைரக்கண்ணுவுக்குத் தெரியவில்லை. தெரியாதபோது இரண்டு பக்கமும் விசில் கொடுப்பது அவர் வழக்கம். இரண்டையும் செய்து பார்க்கச் சொன்னார்.

சம்மனசு ஒரு பென் டிரைவில் பத்து நிகழ்ச்சிகளை நகலெடுத்து, கிரைண்டர் கல்லுக்கு அடியில் ஒரு பகல் முழுக்க வைத்தார். சாயங்காலம் எடுத்தபோது அது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சிறிதாகியிருந்தது. உண்மையைச் சொன்னால், மூன்று சிறிய துண்டுகளாகியிருந்தது. எந்தத் துண்டில் எந்த நிகழ்ச்சி இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

பீர்முகம்மது அன்றைய செய்தியை அழுத்தி வாசித்தார். "நா...ளை. கா...லை. ஒன்பது மணி முதல். மின்... தடை." அந்தக் குரலைக் கேட்டவர்கள் வெறும் மின்தடைக்கு ஒரு மனிதன் இப்படிப் பேச மாட்டான் என்று முடிவு கட்டினார்கள். ஊரில் இருந்த குடம், அண்டா, தவலை எல்லாம் நிரம்பின. இரண்டு குடும்பங்கள் ஆட்டுக்குட்டியோடு சம்பந்தி வீட்டுக்குப் புறப்பட்டுப் போய்விட்டன. மறுநாள் காலை பத்து நிமிஷம் மின்சாரம் போய் வந்தது.

வைரக்கண்ணு மறுபடி ஃபோன் செய்தார். கல் விஷயத்தைக் கோமளவல்லி இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, ஒரு மென்பொருள் அனுப்பி வைக்கிறேன், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்றார். செய்ய வேண்டியதை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வைரக்கண்ணு பழைய டிக்கெட் கட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். "எல்லாத்தையும் ஓஜிஜியா மாத்துங்க. மாத்தினதும் பழசையும் புதுசையும் கேட்டுப் பாருங்க. வித்தியாசம் தெரியலைன்னா பழசை அழிச்சிடலாம்."

எழுதியதை நாலு பேரும் படித்தார்கள். சம்மனசு, "ஓஜிஜி யாரு?" என்றார்.

அது ஒரு பெரிய கேள்வியாக இல்லை. கோணக்குறிச்சியில் பிளாஸ்டிக் வாளிக் கடை வைத்திருக்கும் ஓம்பிரகாஷ் குப்தாவின் கடைப் பலகையில் 'ஓ.ஜி. வாளி மாளிகை' என்று எழுதியிருக்கும். ஓ.ஜி. அவர் பெயர். மரியாதைக்கு ஒரு ஜி. ஆக ஓ.ஜி.ஜி. அரசாங்கம் வாளிக் கடைக்காரர் வரை விசாரித்து வைத்திருக்கிறதே என்று தேனம்மைக்கு மெய் சிலிர்த்தது.

நாலு பேரும் போய், ஆயிரத்து நூற்று நாற்பது நிகழ்ச்சியையும் ஓ.ஜி.ஜி.யாக மாற்றச் சொல்லி உத்தரவு, இனி செய்தியும் சமையலும் சிந்தனையும் நீங்கள்தான் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். முப்பது வருஷமாக அந்த ஊரில் இருப்பவர் என்பதால் அவர் ஆச்சரியப்படவில்லை. கடையைச் சாத்திவிட்டு அவர்களோடு வந்து கணினித் திரையைப் பார்த்தார். அலுவலர் அனுப்பிய மென்பொருளில் வரிசையாகச் சில ஒலி வடிவங்களின் பெயர்கள் இருந்தன. மூன்றாவது பெயரில் விரலை வைத்து, "இதான் உங்க ஓஜிஜி. நான் இல்ல" என்றார். போகும்போது வாளிக் கடையைப் பற்றி ஒரு விளம்பரம் போடச் சொன்னார். நியாயமான மனிதர்.

பெயரைச் சொடுக்கியதும் கணினி ஒரு கேள்வி கேட்டது. 'தரம்: 0 முதல் 10 வரை.'

நாலு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஆறு வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை.

"பத்துன்னு போட்டுடலாமா?" என்றார் சம்மனசு.

"யாரு தரம்? நம்ம தரமா?" என்றார் வைரக்கண்ணு.

"ஆமாண்ணே."

"நீயே மனசைத் தொட்டுச் சொல்லு. நம்ம நிகழ்ச்சி பத்தா?"

சம்மனசு மனதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

தேனம்மை, அஞ்சு போட்டால் அடக்கமாக இருக்கும் என்றார். அப்புறம் தானே யோசித்து, ரவா லட்டு நிகழ்ச்சியில் சர்க்கரை சேர்க்கச் சொல்ல மறந்தது நினைவுக்கு வந்து, எனக்கு ரெண்டு போதும் அண்ணே என்றார். பீர்முகம்மது, தான் ஒரு தடவை இரங்கல் செய்தியில் உயிரோடு இருந்த தபால்காரரின் பெயரை வாசித்துவிட்டதையும், அதைக் கேட்டு அவரே மாலை வாங்கி வந்ததையும் சொல்லி, ஒன்று கேட்டார்.

கடைசியாக எல்லோரும் வைரக்கண்ணுவைப் பார்த்தார்கள். அவர் தன்னுடைய 'இன்றைய சிந்தனை'களை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தார். ஓட்டி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"எனக்குப் பூஜ்யம் போடு" என்றார்.

"அண்ணே, அவ்வளவு கொறைச்சலாவா?"

"அதுக்குக் கீழ இல்லையே. இருந்தா அதைப் போடச் சொல்லியிருப்பேன். கேக்குறது அரசாங்கம். பொய் சொல்லி உரிமம் வாங்கக் கூடாது."

பொறுப்பாளரே பூஜ்யத்தில் இருக்கும்போது தாங்கள் ஒன்றிலும் இரண்டிலும் இருப்பது மரியாதை இல்லை என்று மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். எல்லாம் பூஜ்யம் என்று முடிவாயிற்று. வைரக்கண்ணுவுக்கு மனசு லேசானது. உண்மையைச் சொல்லிவிட்டால் பிறகு பயப்பட எதுவும் இல்லை.

அப்போது பீர்முகம்மது மெதுவாக, "நானூத்திப் பதினேழு மட்டும் வேணாம்" என்றார்.

நானூற்றுப் பதினேழு எது என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும். நாலு வருஷத்துக்கு முன் ஒருநாள் பாய் கண்ணாடியை மறந்துவிட்டுச் செய்தி வாசிக்க வந்துவிட்டார். அவர் மனைவி ரஹ்மத் பீவி கண்ணாடியை எடுத்துக்கொண்டு நேரே ஒலிபரப்பு அறைக்குள் வந்து, மைக் திறந்திருப்பது தெரியாமல் இருபத்திரண்டு நிமிஷம் அவரைத் திட்டித் தீர்த்தார். சில்வண்டு வானொலியின் ஆறு வருஷத்தில் மறு ஒலிபரப்புக் கேட்டுக் கடிதம் வந்த நிகழ்ச்சி அது ஒன்றுதான். அடுத்த வருஷம் ரஹ்மத் பீவி இறந்துபோனார்.

"அவ திட்டினதுல ஒரு வார்த்தை கொறையக் கூடாது, கண்டக்டரே."

"அதுக்குப் பத்து போடு, சம்மனசு" என்றார் வைரக்கண்ணு. இதில் விவாதமே நடக்கவில்லை.

வேலை ஆரம்பமானது. முந்நூறு எம்.பி. என்று இருந்த கோப்பு பத்து பதினைந்து என்று வந்து விழுந்தது. தேனம்மைக்கு ஒரு சந்தேகம். அப்பளக் கட்டையில் மாவு குறைந்தால் கையில் ஒட்டியிருக்கும், குழம்பு குறைந்தால் ஆவியாகியிருக்கும், குறைந்த சத்தம் எங்கே போகிறது என்று கேட்டார். சம்மனசு மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். கணினியின் பின்பக்கத்திலிருந்து சூடாகக் காற்று வந்துகொண்டிருந்தது. "இதோ, இந்த வழியா போகுது" என்றார். நாலு பேரும் கையை நீட்டிப் பார்த்தார்கள். "இது என்னோடதுதான், கொஞ்சம் அனல் ஜாஸ்தியா இருக்கு" என்றார் தேனம்மை.

உடனே சம்மனசு ஜன்னலைச் சாத்தினார், போகிற சத்தம் அறைக்குள்ளேயே இருக்கட்டும் என்று. கடிதத்தில் திறந்த வடிவம் என்று போட்டிருப்பதால் சாத்தக் கூடாது என்று பீர்முகம்மது திறந்தார். கடைசியில் ஜன்னலின் ஒரு கதவு திறந்தும் ஒரு கதவு சாத்தியும் வேலை நடந்தது.

அடுத்தது கேட்டுப் பார்க்கிற வேலை. வித்தியாசம் கண்டுபிடிக்க நுணுக்கமான காது வேண்டும் என்று பீர்முகம்மதுவை உட்கார வைத்தார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால்தான் ஒப்பிட முடியும் என்று, பழசை இடது காதிலும் புதுசை வலது காதிலும் மாட்டினார் சம்மனசு.

"பழசு நல்லா இருக்கு. புதுசுல ஒண்ணுமே இல்ல" என்றார் பாய்.

வைரக்கண்ணு காதுகளை மாற்றி மாட்டச் சொன்னார்.

"இப்ப புதுசு நல்லா இருக்கு. பழசு போயிடுச்சு."

பழசு எங்கே போனது என்று சம்மனசு மேஜைக்கு அடியில் தேடிக்கொண்டிருக்கும்போது, பாய்க்கு ஒரு காதுதான் கேட்கும் என்பது வைரக்கண்ணுவுக்கு நினைவுக்கு வந்தது. இப்படி ஏதாவது தனக்கு நினைவுக்கு வரும்போதெல்லாம் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும், பத்து வருஷமாகத் தெரிந்தது இப்போதுதானா நினைவுக்கு வர வேண்டும் என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும்.

ஆகவே தன்னுடையதைத் தானே கேட்பது என்று வைத்துக்கொண்டார்கள். வைரக்கண்ணு தன் 'இன்றைய சிந்தனை'யில் பழசு ஒன்றைக் கேட்டார். புதுசையும் கேட்டார். புதுசில் குரல் கிணற்றுக்குள் இருந்து வாயில் சட்டினியோடு பேசுகிற மாதிரி இருந்தது. சொல்வது ஒன்றும் புரியவில்லை. மறுபடி பழசைக் கேட்டார். அதிலும் சொல்வது ஒன்றும் புரியவில்லை.

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல" என்றார் உண்மையாகவே. பழசு அழிக்கப்பட்டது. தேனம்மையும் அப்படியே சொன்னார். மிச்சமும் இதே மாதிரிதான் இருக்கும் என்று இரண்டு நாளில் ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது பழைய கோப்புகளும் போய், கணினியில் இடம் என்றால் அப்படி ஓர் இடம்.

பீர்முகம்மது மட்டும் நானூற்றுப் பதினேழோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். நல்ல காதில் பழசை இருபத்திரண்டு நிமிஷம் கேட்டார். பிறகு புதுசை இருபத்திரண்டு நிமிஷம். முடிந்ததும் தலையை ஆட்டினார்.

"வித்தியாசம் இருக்கு."

"பத்து போட்டிருக்கே, பாய்."

"மொதல்ல திட்டும்போது கோபமா இருந்தா. ரெண்டாவது திட்டும்போது சலிப்பு வந்துடுச்சு. இவன்கிட்ட எத்தனை தடவை சொல்றதுங்கற மாதிரி."

சரி, மறுபடி கேட்டுப் பாருங்கள் என்றார் வைரக்கண்ணு. பாய் மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு வித்தியாசம் இருந்தது. ஒரு தடவை 'கண்ணாடி' என்கிற இடத்தில் ரஹ்மத் பீவி லேசாகச் சிரித்த மாதிரி இருந்ததாம். பதினான்காம் தேதி சாயங்காலம் வைரக்கண்ணு, வித்தியாசம் இருப்பதால் சட்டப்படி பழசை அழிக்க முடியாது, இரண்டும் இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வைரக்கண்ணு வேறு பக்கம் திரும்பி, எதற்கு என்று தெரியாமல் விசிலை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார்.

பதினைந்தாம் தேதி எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் புறப்பட்டார்கள். திறந்த வடிவம் என்பதால் அதன் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, விரித்த உள்ளங்கையில் வைத்தே நாலு பேரும் மாற்றி மாற்றி ஏந்திப் போனார்கள். ஏதோ கோயில் பிரசாதம் என்று நினைத்து ஒரு அம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கோமளவல்லி அதைச் செருகி ஒரு நிகழ்ச்சியைக் கேட்டார். இன்னொன்றைக் கேட்டார். காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனை எடுத்துத் தட்டிப் பார்த்து மறுபடி கேட்டார்.

"தரம் எவ்வளவு போட்டீங்க?"

"பூஜ்யம் மேடம்" என்றார் வைரக்கண்ணு. உரிமம் போயிற்று என்றே நினைத்தார். இருந்தாலும் மறைக்க மனம் வரவில்லை. "எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் உண்மையைப் போட்டோம்."

அலுவலர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். சிறிய வடிவம் என்றிருந்தது, திறந்த வடிவம் என்றிருந்தது, நன்றாக இருக்க வேண்டும் என்று எங்குமே இல்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டே இன்னும் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம் என்று இருப்பதிலேயே பெரிய கோப்பைத் திறந்தார். நானூற்றுப் பதினேழு. சாப்பாட்டு மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. இருபத்திரண்டு நிமிஷமும் கேட்டு முடித்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருங்க அந்தக் கண்ணாடிக்காரர்?" என்று கேட்டார். பீர்முகம்மது கையைத் தூக்கினார். பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது.

வாசல் வரை வந்து வழியனுப்பும்போது அவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "இனிமே மாத்துற வேலையே வேணாம். பதிவு பண்ணும்போதே சின்னதாப் பதிவு பண்ணிடுங்க."

அதுவல்லவா யோசனை என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து சில்வண்டு வானொலியில் எல்லோரும் சின்னதாகப் பேசினார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, மேஜைக்கு அடியில் குறுகி உட்கார்ந்து, உதடு அசைந்தும் அசையாமலும் தேனம்மை வத்தக்குழம்பு சொன்னார். பாய் செய்தியை மூச்சுக்குள் வாசித்தார். இது ஊருக்குக் கேட்கிறதா என்று மூன்றாம் நாள் வைரக்கண்ணுவுக்குக் கவலை வந்துவிட்டது. பொறுப்பாளர் என்ற முறையில் மைக்குக்குப் பக்கத்தில் போய், இருப்பதிலேயே சின்னக் குரலில் ஓர் அறிவிப்புச் செய்தார்: "நாங்கள் பேசுவது காதில் விழாதவர்கள், உடனே ஒரு தபால் அட்டை எழுதிப் போடவும்."

அந்த வாரமே இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் வந்து குவிந்தன. கோணக்குறிச்சிக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் எழுதியிருந்தார்கள். வைரக்கண்ணு பயந்துகொண்டே ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லா அட்டையிலும் ஒரே விஷயம்தான் இருந்தது.

"ஐயா, தபால் அட்டை போடச் சொல்லி நீங்கள் அறிவித்தது எங்கள் காதில் விழவில்லை. ஆகையால் நாங்கள் அட்டை எதுவும் போடவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

ஒருவர்கூடக் குறை சொல்லி அட்டை போடவில்லை என்று தெரிந்த பிறகுதான் வைரக்கண்ணுவுக்கு மூச்சு வந்தது.